பத்தாம் இடமும் ஏலமலைச் சரிவும்

தொழில் கேட்டு ஜாதகத்தை விரிப்பவரிடம் ஜோதிடர் முதலில் பிரித்துச் சொல்வது ஒன்று உண்டு: சொந்தத் தொழிலா, அடிமைத் தொழிலா. சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கு ஜோதிட வழக்கில் இன்றும் அடிமைத் தொழில் என்றுதான் பெயர். ஆறாம் இடம் வலுத்தால் அடிமைத் தொழில். பத்தாம் இடமும் லக்னாதிபதியும் வலுத்தால் சொந்தத் தொழில். போடிநாயக்கனூரில் இந்தப் பிரிவினை ஏட்டில் இருப்பதைவிடத் தெருவில் தெளிவாகத் தெரியும். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். கீழே ஊருக்குள், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிலோவுக்கு விலை கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் கங்காணி, கணக்கப்பிள்ளை, ஸ்டோரில் காய் உலர்த்துபவர், தரம் பிரிக்கும் பெண்கள், லாரி டிரைவர், கமிஷன் கடைக்காரர். இத்தனை பேரையும் இத்தனை இடத்தில் உட்கார வைத்தது அவரவர் பத்தாம் இடமா என்பது விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் ‘எனக்கேற்ற தொழில் எது’ என்று ஜாதகத்தைக் கேட்கிற எவரும் அதற்கு ‘ஆம்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்.

ஜோதிடம் முழுவதற்கும் தீர்ப்பெழுதுவது இங்கே நோக்கம் இல்லை. கேள்வி குறுகலானது. ஒருவர் விரும்பிச் செய்து மனநிறைவு அடையக்கூடிய வேலை எது என்பதை அவர் பிறந்த கணத்து ஆகாயம் சொல்லுமா? சொல்லாது என்பது என் முடிவு. ஆனால் மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட விருப்பமில்லை. ஜாதகம் பார்த்துத் தொழில் சொல்லும்போது ஏதோ ஒரு தகவல் உண்மையாகவே கைமாறுகிறது. வந்தவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், கட்டத்தை விட்டு வெளியே வந்து, கேட்பவரின் ஊரிலும் வீட்டிலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஊர் சொல்வதை வானம் சொன்னதாக வாங்கிக்கொள்ளும்போது, அதை மறுத்துப் பேசும் வாய்ப்பு போய்விடுகிறது. என் ஆட்சேபம் அங்கேதான்.

தொழில் ஜோதிடத்துக்கு மூலம் தேடினால் வராகமிகிரரிடம் வந்து நிற்க வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினி வட்டாரத்தில் வாழ்ந்த அவருடைய பிருகத் ஜாதகத்தில் கர்மாஜீவம் என்று ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. லக்னத்துக்கோ சந்திரனுக்கோ பத்தில் நிற்கும் கிரகத்தைக் கொண்டு பணம் யார் வழியாக வரும் என்று முதலில் சொல்கிறது: சூரியனானால் தந்தை, சந்திரனானால் தாய், செவ்வாய்க்குப் பகைவர், புதனுக்கு நண்பர், குருவுக்கு உடன்பிறந்தார், சுக்கிரனுக்குப் பெண், சனிக்கு வேலையாள். பிறகு, பத்துக்குடையவன் நின்ற நவாம்சத்தின் அதிபதியை வைத்து எதனால் பிழைப்பு என்று வகுக்கிறது. சூரியனுக்குப் புல்வகை, பொன், கம்பளி, மருந்து. சந்திரனுக்கு உழவு, நீரில் விளைபவை. செவ்வாய்க்கு உலோகம், நெருப்பு, ஆயுதம், துணிச்சலான காரியம். புதனுக்கு எழுத்து, கணக்கு, கவிதை, சிற்பம். குருவுக்கு அந்தணர், தெய்வம், சுரங்கம், அறம். சுக்கிரனுக்கு மணி, வெள்ளி, மாடு, எருமை. சனிக்கு உடலுழைப்பு, கொலைத்தொழில், சுமை தூக்குதல், கீழானவை என்று அந்தக் காலம் ஒதுக்கிவைத்த கைவேலைகள்.

பட்டியலை நிதானமாகப் பார்த்தால் அது ஒரு பழைய நகரத்தின் சந்தைக் கணக்கு என்று தெரியும். அங்கே எந்தெந்த வழியில் காசு புரண்டதோ அவையெல்லாம் ஏழு கிரகத்துக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. சமூகத்தின் மேடு பள்ளம்கூட அப்படியே ஏறியிருக்கிறது: அந்தணரும் தெய்வமும் குருவுக்கு, வியர்வை முழுவதும் சனிக்கு. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். செய்கிறவருக்கு வேலை பிடித்திருக்குமா, அதில் மனம் நிறையுமா என்ற விசாரணை அந்த அத்தியாயத்தில் இல்லவே இல்லை. அது கேட்பது காசு எங்கிருந்து வரும் என்பதை மட்டும். ‘என் வாழ்வுக்குப் பொருள் தரும் பணி எது’ என்ற கேள்வியை இன்று நாம் அதன் வாயில் திணிக்கிறோம். இரண்டாவது, எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் அதிகாலை ஜீப் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் சனி ஏதோ ஒரு விதத்தில் பத்தோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மட்டும், அதுவும் சில தெருக்களில் மட்டும், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சனி பார்த்துப் பிறக்கின்றன என்றால் கிரகத்தைவிடத் தெருவைத்தான் ஆராய வேண்டும்.

அந்தப் பட்டியல் இன்று அப்படியே புழங்கவில்லை என்று ஜோதிடம் அறிந்தவர்கள் மறுப்பார்கள். சரிதான். இப்போது ராகு என்றால் கம்ப்யூட்டர், வெளிநாடு, செவ்வாய் என்றால் போலீஸ், ரியல் எஸ்டேட், இன்ஜினீயரிங், புதன் ஆடிட்டர், சுக்கிரன் சினிமா, அழகு நிலையம். சுமை தூக்கிக்கொண்டிருந்த சனி எண்ணெய், இரும்பு, சட்டம், அரசியல் என்று எங்கேயோ போய்விட்டார். சாஸ்திரம் வளர்கிறது, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லை, ஆனால் எதைப் பார்த்து வளர்ந்தது? கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை தேடி பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள், பிறகு ராகுவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ராகுவைக் கணித்து யாரும் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கவில்லை. ஆகாயத்தில் எதுவும் மாறாமலே காரகத்துவம் மாறுகிறது என்றால், மாற்றத்தைக் கொண்டுவந்தது வேலைச் சந்தை.

இதைவிட வலுவான சாட்சியம் ஜோதிடக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தொழிலை நுணுக்கிப் பார்க்க தசாம்சம் என்று ஒரு கட்டம் போடுவார்கள். ஒரு ராசியின் முப்பது பாகையைப் பத்தாக வெட்டினால் மூன்று பாகை. லக்னம் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், தசாம்ச லக்னம் சுமார் 12 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு 12 நிமிஷத்திலும் இருபது குழந்தைகள். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கு நாலைந்து பேரைத் தள்ளினாலும், போடி அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தையோடு ராசிக் கட்டம், நவாம்சம், தசாம்சம், தசாபுத்தி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்த பதினான்கு பதினைந்து குழந்தைகள் மதுரையிலும் கோவையிலும் திருப்பூரிலும் அதே நேரத்தில் அழுதுகொண்டிருக்கும். அவர்கள் அனைவருக்கும் ஒரே தொழிலா?

இதற்கு ஜோதிடர்களிடம் பழைய பதில் ஒன்று தயாராக உண்டு. பலன் சொல்லும்போது தேசம், காலம், பாத்திரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார்கள். அதே புதன் பத்தில் இருந்தால், ஏலக்காய்க் கடை முதலாளியின் மகனுக்கு வியாபாரம், கணக்கப்பிள்ளை மகனுக்கு பாங்க் வேலை, காய் எடுக்கிறவர் மகனுக்கு டைப்பிங்கோ எடைபோடும் வேலையோ. அனுபவமுள்ள ஜோதிடர் இதைப் பிசகாமல் செய்வார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டை, பேச்சு, கூட வந்தவர், ஊர்ப் பெயர் எல்லாம் அவருக்குப் பாத்திரம் பார்க்க உதவும். ஜோதிடத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படும் இந்தப் பதில்தான் என்னைப் பொறுத்தவரை விஷயத்தை முடித்துவைக்கிறது. மூன்று பையன்களுக்கும் கட்டம் ஒன்று, பலன் மூன்று. வித்தியாசம் முழுவதும் தேசத்திலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்தது. அப்படியானால் தொழிலைச் சொன்னது எது? முதலாளி மகன் வியாபாரத்துக்கும் காய் எடுக்கிறவர் மகன் எடை மேடைக்கும் போவார்கள் என்பதைச் சொல்ல பஞ்சாங்கம் தேவையில்லை. ஊர் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் வரப்பை, ‘உன் ஜாதகத்தில் இருக்கிறது’ என்ற முத்திரையோடு அந்தப் பையன் வாங்கிக்கொண்டு போகிறான்.

சோதித்துப் பார்த்ததில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்ட சிலரும் மகாராஷ்டிரத்தில் நம் முறை ஜோதிடத்தையே எடுத்துக்கொண்டு 2008இல் ஒரு சோதனை நடத்தினார்கள். படிப்பில் கெட்டிக்காரர்களான 100 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்களைத் திரட்டி, ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம் கொடுத்து, எது எந்த வகை என்று மட்டும் கேட்டார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர். சரியாகச் சொன்னது 46 விழுக்காடு. ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் எடுத்துக்கொண்டது, 102 சரி. காசைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். ஜாதகரை நேரில் காணாமல், அவர் யாரென்று அறியாமல் பார்த்த ஜாதகங்கள் இவை என்பதைக் கவனிக்க வேண்டும். தேசத்தையும் பாத்திரத்தையும் மறைத்துவிட்டால் கட்டம் மௌனமாகிவிடுகிறது. 1985இல் ஷான் கார்ல்சன் அமெரிக்காவில் நடத்தி நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையும், மேற்கத்திய ஜோதிடத்துக்கு, இதே கதையைத்தான் சொன்னது.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சி பிரான்சைச் சேர்ந்த மிஷேல் கோக்லான். தொழிலுக்கும் கிரகத்துக்கும் உள்ள தொடர்பையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். 1955இல் வெளியிட்ட நூலில், பெயர் பெற்ற விளையாட்டு வீரர்கள் பிறக்கும்போது செவ்வாய் உதயமாகியோ உச்சிக்கு வந்தோ சற்று நேரம் ஆகியிருப்பது எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்றார். புகழ்பெற்ற மருத்துவர்களுக்குச் செவ்வாயும் சனியும். பிற்பாடு பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இதைச் சரிபார்க்கப் புகுந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம். தேர்வு செய்த பெயர்களிலேயே கோளாறு என்று ஒரு சாரார் காட்டினார்கள். அந்தத் தகராறை விட்டுவிடலாம். கோக்லான் சொன்னதை முழுசாக ஒப்புக்கொண்டாலும் தொழில் தேடுபவருக்கு அதில் ஒன்றுமில்லை. ராசிகளுக்குத் தொழிலோடு தொடர்பு இல்லை என்று அவரே சொன்னார். அந்த மெல்லிய வித்தியாசம்கூடச் சிகரத்தைத் தொட்டவர்களிடம்தான் தெரிந்தது. சாதாரண வீரரிடமும் சாதாரண மருத்துவரிடமும் தெரியவில்லை. பத்து லட்சத்தில் ஒருவருக்குப் பின்னோக்கிப் பார்த்தால் மினுங்குகிற ஒன்றை வைத்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு எந்தக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புவது?

இவ்வளவுக்குப் பிறகும் ஏலமலையில் ஜாதகத்தின் மேல் நம்பிக்கை ஏன் ஆட்டம் காண்பதில்லை என்பதை அலட்சியமாகக் கடந்துபோகக் கூடாது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி டிரோபிரியாண்டு தீவுகளில் ஒன்றைக் கவனித்தார்: ஆபத்தில்லாத உட்கடலில் மீன் பிடிக்கிறவர்கள் மந்திரம் பார்ப்பதில்லை, உயிர் போகக்கூடிய வெளிக்கடலுக்குப் போகும்போது மந்திரம் நிறைய. கையாலும் அறிவாலும் செய்யக்கூடியதைச் செய்துவிட்ட பிறகும் எங்கே தற்செயல் பெரிதாக மிச்சமிருக்கிறதோ அங்கே மந்திரம் வந்து உட்காரும். ஏலக்காய் அப்படி ஒரு வெளிக்கடல். 2018 ஆகஸ்டு பெருமழையில் இடுக்கித் தோட்டங்கள் சரிந்தன, அழுகல் நோய் பிடித்தது. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. காய் வரத்து குறைய, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7000 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்துக் கடன் வாங்கிப் புதுச்செடி வைத்தவர்களுக்குச் செடி காய்ப்புக்கு வந்த நேரத்தில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. நடுவில் குவாத்தமாலாவின் விளைச்சல், சவுதிக்காரர்களின் பூச்சிமருந்துக் கெடுபிடி என்று போடியில் யார் கையிலும் இல்லாத விஷயங்கள் எத்தனையோ. ஒரே உழைப்பு, ஒரே மண். ஒருவர் பங்களா கட்டினார், மற்றவர் பத்திரத்தை அடகு வைத்தார். ‘அவருக்கு நேரம்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்லத் தோன்றும்? இன்னொரு பொருத்தமும் உண்டு. ஏலச்செடி காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சனி ஒரு ராசியில் இருப்பது இரண்டரை ஆண்டு. நட்டுவிட்டு ஜோதிடரிடம் போனவருக்கு ‘சனிப்பெயர்ச்சிக்கு அப்புறம் பாருங்கள்’ என்று சொன்னால், சனி பெயர்வதற்குள் செடியே காய்த்துவிடும்.

ஆனால் விலையின் ஏற்ற இறக்கத்தை விளக்கும் பசி வேறு, இந்த வேலை எனக்குப் பொருந்துமா என்ற கேள்வி வேறு. முதலாவதில் தற்செயல் இருக்கிறது. அதற்கு மனிதர் ஆறுதல் தேடுவது இயல்பு. இரண்டாவதைத் தற்செயலுக்கு விட வேண்டிய அவசியமே இல்லை. செய்து பார்த்தால் தெரியும். அந்தத் தெளிவு கிடைக்கும் முன்பே விடை கிடைத்துவிட்டதாக ஒரு திருப்தியை ஜாதகம் கொடுத்துவிடுகிறது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்களுக்குக் குணநலச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். வாசகங்கள் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள், அவ்வளவு பொருத்தமாம். ‘உங்களிடம் திறமை இருக்கிறது, உரிய இடம் கிடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தை ஏலத் தோட்டத்திலும் சொல்லலாம், ஐடி கம்பெனியிலும் சொல்லலாம். யாரும் மறுக்கப் போவதில்லை.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத ஒரு ஆட்சேபம். மலைச்சரிவுப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்? நகரத்துப் பையனுக்கு மாமா இன்ஜினீயர், சித்தி டாக்டர், கட்டணம் வாங்கும் ஆலோசகர். இங்கே ஒரு குடும்பத்தின் கவலையை அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்கிறவர் பல சமயம் ஜோதிடர் ஒருவர்தான். அவரையும் பறித்துவிட்டு என்ன தரப் போகிறீர்கள்? இதில் நியாயம் உண்டு. நல்ல ஜோதிடர் பல குடும்பங்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர். ‘கடன் வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுக்காதே, அஷ்டமச் சனி’ என்று அவர் சொல்லும்போது அஷ்டமச் சனியை எடுத்துவிட்டாலும் புத்திமதி நல்ல புத்திமதியாகவே நிற்கும். எனக்குள்ள சிக்கல் அந்த அஷ்டமச் சனிதான். ஆசிரியர் ‘உனக்குக் கணக்கு வராது’ என்றால் அடுத்த பரீட்சையில் மதிப்பெண் வாங்கிக் காட்டி அவர் வாயை அடைக்கலாம். அண்ணன் சொன்னால் சண்டை போடலாம். சனி சொன்னதாக வந்துவிட்டால் எங்கே போய் மேல்முறையீடு செய்வது? புத்திமதியின் மதிப்பு, அதை மறுத்துக் கேட்க முடிவதில் இருக்கிறது. மாணவர்களுக்கு வழிகாட்ட 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். சொல்ல முடிகிறது என்பதே அதன் தகுதி. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முன்வந்ததையும், அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளியதையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். நீதிமன்றம் சொன்னது பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரம் பற்றி. பத்தாம் இடத்தின் உண்மை பற்றி இல்லை.

சமயத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு இன்னும் ஆழமானது. ஜாதகத்தை மறுப்பது கன்மத்தையே மறுப்பதாகும். முன்வினையில் பழுத்த பங்கான பிராரத்தத்துடன்தான் ஒருவர் பிறக்கிறார். கிரகங்கள் அதைச் செய்வதில்லை, காட்டுகின்றன, அவ்வளவே என்பார்கள். கன்மத்தை நம்புகிறவரோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் சைவ மரபின் நடுவிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பாண்டிமாதேவியின் அழைப்பை ஏற்று ஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று தடுத்தவர் அப்பர். வாழ்நாளெல்லாம் அடிபட்டுத் தேர்ந்த மூத்தவரின் அக்கறை அது. சம்பந்தர் கிரகம் இல்லையென்று வாதாடவில்லை; கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். தாம் செய்ய வேண்டிய பணி எது என்பதை அவர் கோள்களிடம் கேட்டு முடிவுசெய்யவில்லை. முடிவுசெய்த பணிக்குக் கோள்கள் குறுக்கே வரக் கூடாது என்றுதான் பாடினார். (அந்தப் பதிகமே இன்று கிரகப் பரிகாரப் பட்டியலில் இடம்பிடித்திருப்பது நம் கெட்டிக்காரத்தனம்.) வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியவர்தான்; ஆனால் யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று விசாரிக்கும் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் ஆளைச் சோதிக்கச் சொல்கிறாரே ஒழிய நட்சத்திரத்தை விசாரிக்கச் சொல்லவில்லை.

போடிக்குப் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சியம். சின்னமனூருக்கு அருகே குச்சனூரில் சனீஸ்வரர் சுயம்புவாக, மூலவராக இருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும். மலையில் காய் எடுப்பு தொடங்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். எள் தீபம் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வருகிறவர்களில் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் நிறைய. ஆனால் சன்னிதியில் நிற்கிறவர், தான் செய்கிற அல்லது செய்ய நினைக்கிற வேலைக்குத் துணை கேட்கிறார். ‘எனக்கு எது பிடிக்கும் என்று நீ சொல்’ என்று கேட்பதில்லை. வழிபாட்டில் முடிவு பக்தரிடம் இருக்கிறது, பாரம் தெய்வத்திடம் போகிறது. ஜாதகத்தில் தொழில் தேடும்போது முடிவு கைவிட்டுப் போகிறது, பாரம் இவரிடமே தங்குகிறது. சனியைக் கும்பிடுவதற்கும் சனியிடம் கல்லூரிப் படிவத்தை நிரப்பக் கொடுப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம்பிக்கையாளர்களே முதலில் உணர வேண்டும்.

அப்படியானால் வேலையில் நிறைவு எங்கிருந்து வருகிறது? ஏலமலையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. இன்று தோட்டங்களில் பரவலாக நிற்கும் ஞள்ளானி ரகத்தை உருவாக்கியது ஆராய்ச்சி நிலையம் அல்ல, கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசஃப். ஏலப்பூவில் தேனீ வந்து போவதையும், எந்தச் செடியில் சரம் நீளமாக, காய் கனமாக வருகிறது என்பதையும் வருஷக்கணக்கில் பார்த்து, நல்லதைப் பிரித்துப் பிரித்து நட்டு அவர் எடுத்த ரகம் அது. அந்த ஈடுபாடு செடிக்கு நடுவில் நின்று நின்று வளர்ந்தது. முன்கூட்டி எந்தக் கட்டத்திலும் தேடிப் பிடிக்கக்கூடியதாக அது இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு வேலையே அவர் செய்யும்வரை இல்லை. போடியில் காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்த்தாலும் கையின் இந்த அறிவு தெரியும். குவியலில் கைவிட்டதுமே எட்டு மில்லிமீட்டர் காய் எது, வெடித்தது எது, பேன் கடித்துச் சொறி விழுந்தது எது என்று விரல் பிரித்துவிடும். ஆனால் இதைக் காட்டி ‘எந்த வேலையையும் ஈடுபட்டுச் செய், நிறைவு தானே வரும்’ என்று உபதேசிக்க எனக்குத் துணிவில்லை. தோட்டம் தன்னுடையது என்பதால் செபாஸ்டியன் ஜோசஃப் பரிசோதனை செய்து பார்க்க முடிந்தது. அடுத்தவர் காயைப் பிரிக்கிறவருக்கு அந்த அறிவின் லாபத்தில் பங்கில்லை. ஈடுபாடு நிறைவாக முதிர, வேலையின் மேல் ஒருவருக்குக் கொஞ்சமாவது உரிமை வேண்டும். அந்த உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது நிலப்பட்டாவிலும் கூலியிலும் சாதியிலும் இருக்கிற செய்தி.

பெண்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தோட்டத்தில் தரையோடு படரும் சரத்தைக் குனிந்தும் குந்தியும் தேடி, முற்றிய காயை மட்டும் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். ஏல மையத்தில் கூறப்படும் விலையின் பின்னால் இருக்கும் கை அவர்களுடையது. ஆனாலும் மரபான பலன் சொல்லலில் பெண் ஜாதகம் எதற்காகத் திறக்கப்பட்டது? ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் செவ்வாய் தோஷத்துக்கும். பதினைந்து வயதிலிருந்து அறுபது வயதுவரை உழைத்தவளின் பத்தாம் இடத்தை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பல பேருக்குப் பார்க்கக் கட்டமே கிடையாது. லயத்திலும் குடிசையிலும் பிறந்த தலைமுறையில் நேரத்தைக் குறித்து வைத்தவர் யார்? ‘மழை பெய்த வருஷம், ஐப்பசி மாசம்’ என்பதுதான் பிறப்புக் குறிப்பு. இப்போது பெண் ஜாதகத்திலும் பத்தாம் இடம் பார்க்கிறோமே என்று ஜோதிடர்கள் சொல்கிறார்கள், உண்மைதான். பெண்கள் நர்ஸாகவும் ஆசிரியையாகவும் ஐடி ஊழியராகவும் போகத் தொடங்கிய பிறகு பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ராகு வந்ததைப் போல. அந்தப் பெண்களைப் படிக்க வைத்தது அரசுப் பள்ளியும் சத்துணவும் இலவச பஸ் பாஸும். அதற்கு மேல், தன் மகள் அந்த ஜீப்பில் ஏறக் கூடாது என்று வைராக்கியமாக நின்ற அம்மாக்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் என்ன நட்சத்திரம் என்றே தெரியாது.